கால் இழுக்கிறது, ஆனால் வலிக்கிறதா? தண்டுவடம் அடிபட்ட நாயோடு கற்றவை

பின்னங்கால் விழுந்துபோன நாயின் விரலிடுக்கைக் கிள்ளினால் கால் சட்டென்று மடங்கும். பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டாருக்கு அந்த நிமிடம் போன உயிர் திரும்பி வரும். "உணர்ச்சி இருக்கு, நடந்துடும்" என்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் எங்கள் நாய் சுட்டியைப் பரிசோதித்த கால்நடை மருத்துவர் காலைப் பார்க்கவே இல்லை. இடுக்கியால் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே கவனித்தார். "கால் இழுக்கறது கணக்கில்லைங்க. திரும்பிப் பார்க்கணும், முனகணும், கடிக்க வரணும். அப்பதான் சேதி மூளைக்குப் போகுதுன்னு அர்த்தம்" என்றார். சுட்டி திரும்பி அவர் கையைக் கவ்வப் பார்த்தாள். அவர் சிரித்தார்.

காலை இழுக்கும் வேலை இடுப்புப் பகுதித் தண்டுவடத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. தோலிலிருந்து சேதி உள்ளே போகிறது, தசைக்குக் கட்டளை வெளியே வருகிறது. மூளைக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அதற்கு மேலே தண்டுவடம் முழுவதுமாக அறுந்துபோயிருந்தாலும் கால் இழுக்கும். வலி என்று உணர வேண்டுமானால் சேதி அடிபட்ட இடத்தைத் தாண்டி மேலே ஏற வேண்டும். இப்படி விரலெலும்பை அழுத்தும்போது மூளைவரை எட்டும் வலியை ஆழ்ந்த வலி உணர்வு என்கிறார்கள். அது எஞ்சியிருக்கும் நாய்களில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு 10இல் 9 மீண்டும் நடக்கின்றன. அந்த உணர்வு போய்விட்டால் ஏறக்குறைய பாதிதான். ஆகவே கால் இழுக்கிறதே என்று ஆறுதல்பட்டு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. இந்தச் சோதனையை வீட்டில் செய்து பார்க்கவும் கூடாது. அழுத்தும் விதம் தெரிந்தவர் கையில்தான் அதற்கு அர்த்தம் உண்டு.

சுட்டி டாக்ஸ்ஹண்ட் வகை. நீண்ட முதுகு, குட்டைக் கால். அந்தக் குட்டைக் காலோடு தொடர்புள்ள மரபுக்கூறு முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள தட்டுகளை இளம் வயதிலேயே கெட்டியாக்கிவிடுகிறது. மெத்தென்று இருக்க வேண்டிய தட்டின் நடுப்பகுதி சுண்ணாம்பு ஏறி, ஒருநாள் வெடித்து வெளியே வந்து தண்டுவடத்தை நசுக்குகிறது. விலா முடிந்து இடுப்பு தொடங்கும் பகுதியில்தான் இது அதிகம் நடக்கும். அவளுக்கும் அங்கேதான். காலையில் நடை கொஞ்சம் தள்ளாடியது. பின்னங்கால்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டன, நகம் தரையில் உரசியது. இருட்டும் முன்பே பின்பாதி உடலை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

இந்த வரிசை தற்செயலானதல்ல. தண்டுவடம் நசுங்கும்போது முதலில் அடிபடுபவை தடித்த நரம்பிழைகள். கால் எங்கே இருக்கிறது, மூட்டு எவ்வளவு மடங்கியிருக்கிறது என்ற சேதியைக் கொண்டுபோகிறவை அவைதான். அதனால் தள்ளாட்டம் முதலில் வருகிறது. பிறகு விரும்பி அசைக்கும் திறன் போகிறது. மெல்லிய இழைகள் சுமக்கும் ஆழ்ந்த வலி உணர்வு கடைசியில் போகிறது. குணமாகும்போது எல்லாம் தலைகீழ். முதலில் வலி, பிறகு அசைவு, கால் இருக்கும் இடத்தை அறியும் உணர்வு எல்லாவற்றுக்கும் கடைசி. இந்த ஒரு விஷயம் முன்பே தெரிந்திருந்தால் வீட்டில் பாதிப் புலம்பல் குறையும். கால் அசையத் தொடங்கிய பிறகும் பாதம் மடங்கி, புறங்கால் தரையில் படும். அதைப் பார்த்துவிட்டு "மறுபடி மோசமாகுது" என்பார்கள். மோசமாகவில்லை. வரிசையில் கடைசியாக வர வேண்டியது இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய ஓய்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவர் சொல்லும்வரை கூண்டுக்குள் ஓய்வு, படி ஏறக் கூடாது, குதிக்கக் கூடாது. ஆனால் சிறுநீர்ப்பையை மறந்துவிட வேண்டாம். தானாகக் கழிக்க முடியாத நாய்க்கு ஒரு நாளில் பலமுறை வயிற்றை அழுத்தி வெளியேற்றிவிட வேண்டும். தேங்கினால் தொற்று வரும், பை அளவுக்கு மீறி விரிந்து தளர்ந்தும் போகும். எப்படி அழுத்துவது என்பதை மருத்துவமனையிலேயே உங்கள் கையால் செய்து பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். நடை வருகிறதா என்ற கவலையில் வீட்டுக்கு வந்த பிறகு நினைவுக்கு வருவது இதுதான்.

உடற்பயிற்சிக்கு அனுமதி கிடைத்ததும் எனக்குள் எழுந்த கேள்வி, நடையை யார் நடத்துகிறார்கள் என்பது. மூளை ஒவ்வொரு தசைக்கும் கட்டளை அனுப்புகிறது என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். 1911இல் தாமஸ் கிரஹாம் பிரவுன் என்ற ஆய்வாளர், தண்டுவடம் வெட்டப்பட்டு, காலிலிருந்து வரும் உணர்வு நரம்புகளும் துண்டிக்கப்பட்ட பூனையின் பின்னங்கால் தசைகளில் மடக்குவதும் நீட்டுவதுமாக மாறிமாறி வரும் தாளத்தைக் கண்டார். மேலிருந்து கட்டளை இல்லை, கீழிருந்து சேதி இல்லை, ஆனாலும் தாளம் இருந்தது. அந்தத் தாளத்தை உண்டாக்கும் நரம்புப் பின்னல் தண்டுவடத்துக்குள்ளேயே இருக்கிறது. 1966இல் மாஸ்கோவில் ஷிக், செவெரின், ஓர்லோவ்ஸ்கி மூவரும் பூனையின் நடுமூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தை மின்சாரத்தால் தூண்டினார்கள். பூனை நடந்தது. மின்னோட்டத்தைக் கூட்டியதும் நடை ஓட்டமானது, இன்னும் கூட்டியதும் நாலுகால் பாய்ச்சல். எந்தக் கால் எப்போது என்ற விவரம் எதுவும் அந்த மின்சாரத்தில் இல்லை. புறப்படு, வேகமாகப் போ என்ற அளவுக்கு மேலிருந்து வந்தால் போதும், மீதியைக் கீழே பார்த்துக்கொள்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்குக் கிடைத்த நம்பிக்கை சாதாரணமானதல்ல. சுட்டியின் தட்டு வெடித்த இடம் அந்தப் பின்னலுக்கு மேலே. பின்னல் அப்படியே இருக்கிறது, அதற்கு வழி திறக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. (தட்டு இன்னும் கீழே வெடித்து அந்தப் பின்னலையே சிதைத்திருந்தால் கதை வேறு. கால் துவண்டுவிடும், இழுக்கும் அனிச்சைகூட இராது.)

வெறும் தாளம் நடையாகாது. கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு எடை தாங்குகிறது என்ற சேதி கீழிருந்து வந்துகொண்டே இருந்தால்தான் தாளம் தரையோடு பொருந்தும். இதில் இரண்டு சேதிகள் மிக முக்கியம். ஒன்று, இடுப்பு மூட்டு பின்னால் நீள்வது. கால் உடலுக்குப் பின்னால் போதுமான தூரம் போய், இடுப்பின் முன்தசைகள் இழுபட்டால்தான் அடுத்த அடியை எடுக்கும் ஆணை கிளம்புகிறது. இடுப்பைப் பின்னால் போகவிடாமல் பிடித்துவிட்டால் அந்தக் கால் எழுவதே இல்லை. இரண்டாவது, எடை. குதிகால் தசையில் எடை ஏறியிருக்கும்வரை தண்டுவடம் காலைத் தூக்க விடாது. எடை இறங்கத் தொடங்கியதும்தான் தூக்கும்.

வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி நடத்தும் பழக்கம் எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலானோர் தூக்குவதைப் பார்த்தால் நாயின் பின்பாதி காற்றில் மிதக்கும், பாதம் தரையைத் தொட்டும் தொடாமலும் போகும். பாவம் என்று நினைத்துத் தூக்குகிறோம். ஆனால் அந்த நிலையில் காலுக்கு எடையும் இல்லை, பின்னால் நீள்வதும் இல்லை. தண்டுவடத்துக்குப் போக வேண்டிய இரண்டு சேதிகளையும் நாமே அடைத்துவிடுகிறோம். எங்கள் பிசியோதெரபி மருத்துவர் துண்டை மாற்றி இடுப்பு வார்ப்பட்டை போடச் சொன்னார். துண்டு வயிற்றை அழுத்தும். இடுப்பு வார் தொடை வேரில் பிடிக்கும், கால் பின்னால் போக இடம் விடும். "நாய் விழாத அளவுக்கு மட்டும் பிடிங்க, அதுக்கு மேல ஒரு இழைகூட வேண்டாம்" என்பது அவர் விதி. முழங்கால் லேசாக மடங்கித் துடிக்கும் அளவுக்கு எடையை இறக்கிவிடுவேன். பாதம் மடங்கினால் நின்று, திருப்பிவைத்து, உள்ளங்கால் தரையில் அழுந்தும்படி ஒரு நொடி பிடித்துவிட்டுத்தான் அடுத்த அடி.

வேகமும் முக்கியம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆமை நடைதான் நடக்க வேண்டும். வேகமாகப் போனால் நாய் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல்போலத் தத்தும், அல்லது முன்னங்காலால் இழுத்துக்கொண்டு போகும். இரண்டிலும் பின்னங்காலுக்குத் தனித்தனியாக எடை தாங்கும் வேலை கிடைப்பதில்லை. உற்சாகமாக ஓடுகிறதே என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள். அந்த ஓட்டத்தில் எனக்கு மகிழ்ச்சி இல்லை.

1990களில் வந்த ஓர் ஆய்வு என் தினசரி அட்டவணையையே மாற்றியது. தண்டுவடம் வெட்டப்பட்ட பூனைகளில் சிலவற்றை ஓடுபாதை எந்திரத்தில் நடக்கப் பழக்கினார்கள், சிலவற்றை நிற்க மட்டும் பழக்கினார்கள். நடக்கப் பழகியவை நடந்தன. நிற்கப் பழகியவை நன்றாக நின்றன, ஆனால் நடக்கத் தடுமாறின. மூளையின் துணையில்லாத தண்டுவடம்கூடக் கற்றுக்கொள்கிறது. எதைப் பழக்குகிறோமோ அதை மட்டும் கற்றுக்கொள்கிறது. தினமும் நிற்கவைத்துவிட்டு நடை தானாக வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. நிற்பதற்குத் தனி நேரம், நடப்பதற்குத் தனி நேரம், திரும்புவதற்கும் தனியாக நேரம் ஒதுக்கினேன். திரும்புதல்தான் மிகவும் கடினம். உள்பக்கக் கால் குறுக்கடி, வெளிப்பக்கக் கால் நீளடி வைக்க வேண்டும், உடல் எடையும் பக்கவாட்டில் சாய்கிறது. நேராக அழகாக நடக்கும் நாய் திரும்பும்போது பின்பாதி வீசப்பட்டு விழும். அதனால் முதலில் பெரிய வட்டம், பிறகு சிறிய வட்டம், கடைசியில் எட்டு வடிவம் என்று போனோம்.

தரையைப் பற்றி. வழவழப்பான தரையில் பயிற்சி என்பது பயிற்சியே இல்லை. பாதம் வழுக்கும்போது எடை திடீரென்று இறங்குகிறது, தண்டுவடத்துக்குத் தப்பான நேரத்தில் "தூக்கு" என்ற சேதி போகிறது. நாயும் பயந்து கால்களை அகல விரித்து, தசைகளை இறுக்கிக்கொண்டு நடக்கும். ரப்பர் அடி உள்ள பாய்களை அது நடமாடும் வழி முழுவதும் இடைவெளியில்லாமல் போடுங்கள். இடையில் வெற்றுத் தரை இருந்தால் நாய் சரியாக அங்கேதான் விழும். நகத்தை வெட்டிவிடுங்கள். நீண்ட நகம் விரலை மேலே தள்ளி, உள்ளங்கால் தரையில் அழுந்தாமல் செய்துவிடும். விரலிடுக்கு மயிரையும் கத்தரியுங்கள். வெளியே புல், மணல், சரளை என்று மாற்றி மாற்றி நடத்தினேன். ஒவ்வொன்றும் பாதத்துக்கு வேறு வேறு சேதி.

கால் இருக்கும் இடம் தெரியாமல் நடப்பது எப்படியிருக்கும் என்று நாயிடம் கேட்க முடியாது. ஆனால் ஒரு மனிதர் சொல்லியிருக்கிறார். இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் வாட்டர்மேன் 1971இல், 19 வயதில், ஒரு நோய்க்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வையும் உறுப்புகள் இருக்கும் இடத்தை அறியும் உணர்வையும் இழந்தார். தசைகளில் பலம் அப்படியே இருந்தது. ஆனால் எழுந்து நிற்க முடியவில்லை. பிறகு கண்ணால் ஒவ்வொரு உறுப்பையும் பார்த்துப் பார்த்து, யோசித்து யோசித்து நடக்கக் கற்றார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார். நாம் பலவீனம் என்று நினைத்துச் சத்தும் மருந்தும் தேடும் பல இடங்களில் குறை தசையில் இல்லை என்பதற்கு அவரைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. மனிதர் கண்ணை வைத்துச் சமாளிக்கலாம். நடக்கும்போது நாய்க்குத் தன் பின்னங்கால் கண்ணில் படுவதே இல்லை.

இந்த உணர்வு திரும்புகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. நாயை நிற்கவைத்து, விழாதபடி வயிற்றைத் தாங்கிக்கொண்டு, ஒரு பாதத்தை மடக்கிப் புறங்கால் தரையில் படும்படி வையுங்கள். நலமான நாய் உடனே சரிசெய்துகொள்ளும். தாமதித்தாலோ அப்படியே விட்டுவிட்டாலோ சேதி இன்னும் சரியாக ஏறவில்லை. இன்னொன்று, பாதத்துக்கடியில் ஒரு காகிதத்தை வைத்து மெதுவாகப் பக்கவாட்டில் இழுப்பது. கால் விலகிக்கொண்டே போனால் நாய்க்குத் தெரியவில்லை என்று பொருள். ஆர்வக்கோளாறில் நாளெல்லாம் இதையே செய்யாதீர்கள். நாய் சலித்துப்போய், தெரிந்தாலும் விட்டுவிடும். வாரத்துக்கு ஒருமுறை போதும். சோதனை இல்லாமலே நகம் சொல்லிவிடும். நடு இரண்டு நகங்களின் மேற்புறம் தேய்ந்திருந்தால் கால் இழுபடுகிறது. கடினமான தரையில் கேட்கும் உரசல் சத்தத்தையும் கவனியுங்கள். கண்ணுக்குத் தப்புவது காதில் விழும்.

கண் உண்மையிலேயே ஏமாற்றும். குதிரை பாயும்போது நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்பதை வெறும் கண்ணால் யாராலும் தீர்த்துவைக்க முடியவில்லை. 1878இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாக கேமராக்களை வைத்துப் படமெடுத்த பிறகுதான், எழுகின்றன, அதுவும் கால்கள் வயிற்றுக்கடியில் கூடியிருக்கும் கணத்தில் என்பது உறுதியானது. இப்போது அந்த வேலையைக் கைபேசி செய்கிறது. மெதுவியக்கக் காணொளியை நாயின் இடுப்பு உயரத்தில் பிடித்து, ஒருமுறை பக்கவாட்டிலிருந்தும் ஒருமுறை பின்னாலிருந்தும் எடுங்கள். அதே இடம், அதே பாய், அதே மெதுவான வேகம். அன்றாடம் பார்ப்பவருக்கு முன்னேற்றம் தெரியாது, ஒரு மாதத்துப் படங்களை அடுத்தடுத்து ஓடவிட்டால் தெரியும். மருத்துவருக்கும் வாய்ச்சொல்லைவிட இது பயன்படும். மருத்துவமனையில் நாய் பயந்து வேறு மாதிரிதான் நடக்கும்.

படத்தில் எதைப் பார்ப்பது? சாதாரண நடையில் நாயின் கால் வரிசை இடது பின், இடது முன், வலது பின், வலது முன். மிதமான ஓட்டத்தில் மூலைவிட்டமாக எதிரெதிர்க் கால்கள் ஜோடி சேரும். தண்டுவடம் அடிபட்ட நாயில் முன்னும் பின்னும் தனித்தனித் தாளத்தில் போவதைப் பார்க்கலாம். சுட்டியின் முதல் மாதப் படங்களில் முன்னங்கால்கள் சீராக நடக்க, பின்னங்கால்கள் இரண்டு அடிக்கு ஒருமுறை பின்தங்கி, பிறகு அவசரமாக ஓடிவந்து சேர்ந்துகொள்ளும். இரண்டையும் இணைக்கும் நீண்ட இழைகள் அடிபட்ட இடத்தின் வழியாகத்தான் போகின்றன.

தாண்டும் பயிற்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். தரையிலிருந்து சற்றே உயர்ந்த கம்புகளை நாயின் அடி நீளத்துக்கு இடைவெளி விட்டு வரிசையாக வைத்து நடத்துவது. இதன் அடியில் ஒரு விந்தை இருக்கிறது. காற்றில் இருக்கும் காலின் புறப்பாதத்தில் ஏதாவது பட்டால் தண்டுவடம் அந்தக் காலை இன்னும் உயரமாக மடக்கித் தடையைத் தாண்டவைக்கும். அதே தொடுகை, கால் தரையில் ஊன்றியிருக்கும்போது பட்டால், மடக்காமல் இன்னும் பலமாக ஊன்றவைக்கும். ஒரே சேதிக்கு நேரத்தைப் பொறுத்து எதிரெதிர்ப் பதில்கள். ஊன்றிய காலை மடக்கினால் விழுவோம் என்று யோசித்து முடிவெடுக்க நேரமே இல்லாத இடத்தில் இந்த முடிவு எடுக்கப்படுகிறது. ஆகவே கம்பு லேசாக இருக்கட்டும், பட்டால் உருண்டு போகட்டும். பட்டுவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். அந்த உரசலும் பாடம்தான்.

பின்னங்கால் தடையைத் தாண்டும்போது நாயோ பூனையோ அதைப் பார்ப்பதில்லை. முன்னங்கால் தாண்டிய நினைவை வைத்துத்தான் பின்னங்கால் உயர்கிறது. பூனையை முன்னங்கால் தாண்டிய நிலையில் நிறுத்திவைத்து, தடையைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். பல நிமிடங்கள் கழித்தும் பின்னங்கால்கள் இல்லாத தடையைத் தாண்டின. கண்ணால் மட்டும் பார்த்து, காலால் தாண்டாமல் நின்ற பூனைகளில் அந்த நினைவு சீக்கிரம் கலைந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, முன்னங்கால் கம்பைத் தாண்டியதும் சுட்டி தயங்கி நின்றால் அவசரப்படுத்துவதில்லை. அவள் பின்னங்காலைக் கையால் தூக்கி வைத்ததும் இல்லை. நின்று, தானாகத் தூக்கட்டும்.

கால் அசைவது எல்லாம் மூளை சொல்லி வருவதல்ல. ஆழ்ந்த வலி உணர்வு திரும்பாத நாய்களிலும் சில, மாதக்கணக்கான பயிற்சிக்குப் பின் தண்டுவடத்தின் தாளத்தை மட்டும் வைத்துத் தள்ளாடி நடக்கின்றன. அந்த நடை குறைவானதல்ல, நாய் வெளியே போகும், வரும். ஆனால் திரும்பும்போது விழும், வழுக்கும் தரையில் எழ முடியாது, சிறுநீர்க் கட்டுப்பாடு வராது. இரண்டையும் பிரித்தறிய வாலைப் பாருங்கள். சிறுநீர்ப்பையை அழுத்தும்போது வால் ஆடினால் அது அனிச்சை. நாலடி தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் ஆடினால், சேதி மூளையிலிருந்து வால்வரை இறங்கிவிட்டது. எங்கள் வீட்டில் கால் அசைவதற்கு முன்பே அது நடந்தது. மருத்துவரிடம் தொலைபேசியில் முதலில் சொன்னதும் அதைத்தான்.

சக்கர வண்டி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நிரந்தரமாக நடக்க முடியாத நாய்க்கு அது வரம். ஆனால் கால் கொஞ்சமாவது அசையும் நாய்க்குப் பின்னங்காலைத் தூக்கிக் கட்டும் வண்டியைப் பூட்டாதீர்கள். பாதம் தரையில் பட்டு, சிறிது எடை தாங்கி, பின்னால் நீள இடம் இருக்கும்படி உயரத்தைச் சரிசெய்யக்கூடிய வண்டியைப் பாருங்கள். ஒரு நாளில் சிறிது நேரம் மட்டும் பூட்டுங்கள். முன்னங்காலும் தோளும் இரட்டைச் சுமை சுமக்கின்றன, உடல் எடை கூடினால் அவையும் கெடும். அளவெடுக்கும்போது நாயைப் படுக்கவைத்து அளக்காமல், ஒருவர் இடுப்பைத் தாங்கிப் பிடிக்க, நிற்கும் நிலையில் தரையிலிருந்து இடுப்புவரை அளந்து கொடுங்கள்.